எந்தப் பிரதி வேண்டும்?

மார்ச் 7, சனி

இரண்டு வாரத்துக்கு ஒருமுறை வருகிற சனிக்கிழமை. பத்து மணிக்கு மகளை அவள் அம்மா கொண்டுவந்து விடுவாள். அதற்குள் அவளுடைய தீவு விளையாட்டைத் தயாராக வைக்கலாம் என்று கணினியைத் திறந்தேன். இதுவரை ஆடியதன் சேவ் ஒன்று இங்கே இருக்கிறது, இணையத்தில், கிளவுடில் வேறொன்று இருக்கிறது, எந்தப் பிரதி வேண்டும் என்று கேட்டது. இங்கே இருப்பதை அழுத்தினேன். லிஃப்ட் மெக்கானிக் புத்தி. கண்ணால் பார்க்காத கம்பியை நம்புவதில்லை.

அன்றே, மதியம்

போச்சு. எல்லாம் போச்சு. கிளவுடில் இருந்ததுதான் புதுசு. பதினான்கு நாள் அம்மா வீட்டில் ஆடிச் சேர்த்தது. அதன்மேல் என் பழையதை ஏற்றிவிட்டேன். பாலம் இல்லை, தோட்டம் இல்லை, ஒற்றைக்கண் குதிரையும் இல்லை.

"என் குதிரை எங்கப்பா?"

"தேடித் தரேன் கண்ணு" என்றேன். எங்கே போய்த் தேட?

மார்ச் 8, ஞாயிறு

யோசிக்க யோசிக்க ஒன்று உறைத்தது — அங்கேயுள்ள லேப்டாப்பில் குதிரை இன்னும் இருக்கும்! உடனே அவள் அம்மாவைக் கூப்பிட்டேன். "அந்த லேப்டாப்பைத் திறக்காதே, நெட்டை அணைச்சிடு."

"அவர் நேத்தே திறந்துட்டாரே. ஏன், மறுபடி என்ன பண்ணி வச்சீங்க?"

அவர் என்றால் அவளுடைய இப்போதைய கணவர். திறந்ததும் என் பழைய சேவ் அங்கேயும் இறங்கியிருக்கும். ஏன் நேற்றே தோன்றவில்லை? மண்டையில் என்னதான் வைத்திருக்கிறேன்?

மார்ச் 10, செவ்வாய்

விளையாட்டு நிறுவனத்துக்கு எழுதினேன். ஒரே பிரதிதான் வைப்பார்களாம். வருந்துகிறார்களாம்.

மார்ச் 13, வெள்ளி

நடுவழியில் நின்ற லிஃப்டிலிருந்து மூன்று பேரை ஆறே நிமிடத்தில் வெளியே எடுத்தேன். வீட்டுக்கு வந்து கணினியில் குதிரையைத் தேடினேன்.

மார்ச் 21, சனி

வாசலிலேயே சொல்லிவிட்டாள். "குதிரை கிடைச்சிடுச்சுப்பா! அங்கிள் வாராவாரம் பென் டிரைவ்ல எடுத்து வச்சிருந்தாராம்."

சந்தோஷப்பட்டேன். சத்தியமாக. அப்புறம் குளியலறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டுக் கொஞ்ச நேரம் நின்றேன்.

"அதை இங்க இறக்கிக்கலாமா கண்ணு?"

"வேணாம்ப்பா. இங்க புதுசா ஒண்ணு ஆரம்பிச்சுக்கிறேன்." என் மனம் நோகக்கூடாதென்று மெல்லத்தான் சொன்னாள். ஒன்பது வயது.

மார்ச் 22, ஞாயிறு

அவளைக் கொண்டுபோய் விட்டுவிட்டு வந்து கணினியைத் திறந்தேன். கிளவுடை அணைத்துவிட்டுப் போயிருக்கிறாள். புதிய சேவுக்கு 'அப்பா வீடு' என்று பெயர். வெறும் மணலும் ஒரு கூடாரமும். ஆடிய நேரம்: நாற்பது நிமிடம்.

மூன்று இடத்தில் பிரதி எடுத்து வைத்தேன்.