எதிரெதிரே இருந்து எண்ணினோம், மச்சான்

என் சவிரி மச்சானுக்கு,

சண்டை முடிந்த வருசம். கிண்ணியாவுக்குப் பாலம் வந்து, துறையில் படகு நின்றுபோன வருசம். அந்த வருசம்தான் நீயும் நானும் உன் சிவப்புக் காரின் எஞ்சினை வெளியே தூக்கினோம். எனக்கு எழுத்துத் தெரியாது, இலக்கம் மட்டும் தெரியும். ஆனால் அந்தக் கிழமையில் எந்த நாள் மழை பெய்தது என்று இப்பவும் சொல்லுவேன். நான் சொல்லச் சொல்ல இதை எழுதுகிறவள் உன் மகள் ஸ்டெல்லா. உன் ஆண்டு நினைவுப் பூசைக்கு அச்சடிக்கிற மலரில் போடவாம். என் கதையைத் திருத்தித் திருத்தித்தான் எழுதுகிறாள், பரவாயில்லை.

லண்டனிலிருந்து வந்தவள் வீட்டை விற்கப் போகிறாளாம். கராஜைத் திறந்து காட்டி, "மாமா, இது ஓடுமோ? இல்லாட்டி பழைய இரும்புக்குத்தான்" என்றாள். பதினாறு வருசம் உன் கேற்றைத் தாண்டாதவன், உன் செத்த வீட்டையும் றோட்டில் நின்று பார்த்தவன், அன்றைக்கு உள்ளே வந்தனான்.

ஏன் தாண்டவில்லை என்று உனக்குத் தெரியும். வாசிக்கிற ஆட்களுக்குச் சொல்ல வேணும். இரண்டே கதவு, தாழ்ந்த கூரை, பந்தயத்துக்கு ஓடுகிற சாதிக் கார். தோட்டத்துரை ஒருவர் விட்டுப்போனது. அதில்தான் ஸ்டெல்லாவைக் கலியாணத்துக்குக் கோயிலுக்குக் கொண்டுபோவேன் என்று ஒற்றைக் காலில் நின்றாய். கிண்ணியாவிலிருந்து அனிபா நானா பாரம் தூக்குகிற சங்கிலிப் புளொக் கொண்டுவந்தார். கூரை வளையில் மாட்டித் தூக்கினோம். தேத்தண்ணி கொண்டுவந்த றோசம்மா, உன் பெண்சாதி, என் தங்கச்சி, "பிள்ளைப்பேறு நடக்கிற வீடு மாதிரியெல்லோ கத்துறீங்கள்" என்று சிரித்தாள்.

எஞ்சினை இரண்டு பலகைக்கு மேல் சரித்துவைத்து, நீ ஒரு பக்கம், நான் மறுபக்கம் குந்தினோம். நாலு பிஸ்டன், நாலு தண்டு, தண்டைக் கிராங்கோடு பூட்டுகிற நாலு மூடி. எந்தத் தண்டில் இருந்ததோ அதே தண்டுக்குத்தான் மூடி திரும்பப் போக வேணும். மாறினால் எஞ்சின் இறுகிப்போகும். மூடிகளைக் கழற்றினது நான். ஒன்று, இரண்டு என்று புள்ளி குத்தினேன். தண்டுகளை இழுத்தெடுத்தது நீ. இலக்கம் கீறினாய். பிறகு நான் மூடியை எடுத்துத் தர, நீ புள்ளியையும் இலக்கத்தையும் பார்த்துப் பூட்டினாய். கையால் சுற்ற இறுக்கமாக இருந்தது. "புதுச் சப்பாத்தும் கடிக்கும்தானே" என்றாய்.

கலியாணத்தன்று, கோயிலுக்கு அரை மைல் இருக்க, எஞ்சின் ஒரு முக்கு முக்கி இறுகி நின்றது. பிள்ளை சேலையைத் தூக்கிக்கொண்டு ஆட்டோவில் ஏறினாள். நடுறோட்டில் நீ சொன்னாய்: "எழுத வாசிக்கத் தெரியாதவனைச் சேர்த்தது என்ர பிழை." நான் சொன்னேன்: "படிச்ச பெரியவர், உமக்கு நாலு வரைக்கும் எண்ணத் தெரியாதோ?" தாய்மாமன் நான், அன்றைக்குக் கோயிலுக்குள் வரவில்லை.

இப்ப கேள். போன கிழமை, அனிபா நானாவின் மகன், அவனுக்கும் தலை நரைத்துவிட்டது, அதே சங்கிலியோடு வந்தான். எஞ்சினைத் தூக்கி, எண்ணெய் நிற்கிற அடித்தட்டைக் கழற்றினேன். நாலாம் இலக்கத் தண்டில் ஒரு புள்ளி மூடி. ஒன்றாம் தண்டில் நாலு புள்ளி மூடி! எனக்கு வந்த சந்தோசத்தை மறைக்கவில்லை, மச்சான். "பார் பிள்ளை, உன்ர அப்பான்ர வேலையை!" என்று கத்தினேன்.

"சரியாப் பூட்டுங்கோ, மாமா" என்றாள். அவ்வளவுதான்.

ஒரு புள்ளி மூடியை ஒன்றாம் தண்டில் வைத்தேன். பொருத்தில் நகத்தை ஓட்டினால் தட்டுகிறது. நாலாம் தண்டில் வைத்தால் நகம் வழுக்கிப்போகிறது, அதன் சொந்த மூடி மாதிரி. மாற்றி மாற்றி வைத்தேன். இலக்கம் பிழையோ, புள்ளி பிழையோ, என் கண்தான் பிழையோ?

பிறகு, நான் குந்தின இடத்தில் குந்திப் பார்த்தேன். எழும்பிப்போய் நீ குந்தின இடத்திலும் குந்திப் பார்த்தேன். நான் என் இடக்கைப் பக்கத்திலிருந்து எண்ணினேன். நீ உன் இடக்கைப் பக்கத்திலிருந்து எண்ணியிருக்கிறாய். உன் ஒன்று, என் நாலு. கலியாணத்துக்கு முதல் ஒன்றுக்கு ஒன்று என்று பார்த்துப் பார்த்துப் பூட்டினோமே, அதுதான் நாலும் மாறிப்போனது.

அப்ப, இதைச் சரியாக்கிப் பூட்டினது ஆர்? அடித்தட்டில் எண்ணெய் ஒழுகாமல் இருக்க வைத்த பெக்கிங், கலண்டர் அட்டையில் வெட்டினது. ஸ்டெல்லா பின்பக்கத்தை வாசித்தாள். தன் கலியாணத்துக்கு இரண்டு வருசம் பிந்தின கலண்டராம். அந்தக் காரில் எஞ்சினை வெளியே தூக்காமல் அடித்தட்டைக் கழற்ற ஏலாது, தனி ஆளால் தூக்கவும் ஏலாது. நானாவின் மகனைக் கேட்டேன். "கலியாணத்துக்குப் பிறகும் வாப்பா ஒருக்கா சங்கிலியைக் கொண்டு இங்க வந்தவர். திரும்பி வந்து ஒண்டும் கதைக்கேல்ல" என்றான்.

அப்ப உனக்குத் தெரியும். எத்தனையோ வருசமாகத் தெரியும். புதுப் பேரிங் போட்டிருக்கிறாய், எல்லாம் பூட்டியிருக்கிறாய், எண்ணெய் மட்டும் ஊற்றவில்லை. தட்டு காய்ந்து கிடந்தது. ஏன் விட்டாய்? ஸ்டார்ட் பண்ணுகிறபோது நானும் நிற்க வேணும் என்றோ? என் முகத்தில் முழிக்கக் கூச்சமோ? ஒருநாள் மீன் சந்தையில் என் சைக்கிளைப் பிடித்து, "சூசை..." என்று தொடங்கினாய். நான் மணியை அடித்துக்கொண்டு போனேன். சொல்ல வந்தது இதுதானோ? வேறை ஏதுமோ? கோபப்படவும் ஆள் இல்லை, மன்னிப்புக் கேட்கவும் ஆள் இல்லை. இரண்டையும் வைத்துக்கொண்டு நான் என்ன செய்கிறது?

ஸ்டெல்லா எழுதுகிறதை நிறுத்திவிட்டாள். "அப்ப பிழை ஆரில, மாமா?"

"எனக்கு விளங்கேல்ல பிள்ளை. ரெண்டு பேரும் சரியாத்தான் எண்ணினனாங்கள் எண்டு எழுது."

எல்லாவற்றையும் நீ வைத்தபடியே பூட்டி, பூசையன்று காலையில் எண்ணெய் ஊற்றுவேன், மச்சான். கையால் நாலு தரம் சுற்றிவிட்டு ஸ்டார்ட் பண்ணுவேன். ஓடினால், மிச்சம் கிடக்கிற அந்த அரை மைலும் ஸ்டெல்லாவை அதில் கொண்டுபோய்க் கோயில் வாசலில் இறக்குவேன். ஓடாவிட்டால் அவளோடு நடந்து வருவேன். எப்படியும் இந்த முறை உள்ளே வருவேன், சத்தியம்.

எஞ்சினைத் தூக்கின அன்றைக்கு அந்தக் கராஜுக்குள் நாலு பேர் இருந்தோம். றோசம்மா போய்விட்டாள். அனிபா நானா போய்விட்டார். நீயும் போய்விட்டாய். மிஞ்சி இருக்கிறது,

உன் பெண்சாதியின் அண்ணன்
சூசை