ஓய்வு நாளில் ஒரு வருகைப் பதிவு

அன்புள்ள உங்களுக்கு,

வணக்கம். முழங்கால் வலி எப்படி இருக்கிறது? நான் நலம். கையெழுத்து கோணலாக இருந்தால் குளிரைத் திட்டுங்கள்.

மலையேற வந்தவர்களைக் கவனித்துக்கொள்ளும் இந்த வேலை, நான் முன்பு பார்த்த பள்ளிக்கூட வேலையேதான். இரண்டு நாள் ஏறினால் ஒரு நாள் ஓய்வு. உடம்பு மெல்லிய காற்றுக்குப் பழக வேண்டுமே. ஊறாத கடலை வேகுமா? ஓய்வு நாள் காலையில் ஒவ்வொருவராகப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு, தலைவலி இருக்கிறதா என்று கேட்பேன். இருந்தால் மேலே ஏறக் கூடாது.

நேற்று எல்லோரும் இல்லை என்றார்கள். "அப்ப நாளைக்குக் கிளம்பலாம்" என்று எழுந்தேன்.

"டீச்சர், உங்க பேரைக் கூப்பிடவே இல்லையே?" என்றார் குழுவில் இருக்கும் பல் டாக்டரம்மா.

"அட்டெண்டன்ஸ் எடுக்கிறவ தன் பேரையே கூப்பிடுவாளா?"

"பேச்சை மாத்தாதீங்க. தலைவலி இருக்கா?"

முந்தின நாளிலிருந்தே இருந்தது. சொன்னால் கீழே அனுப்பிவிடுவார்கள், வேலையும் அத்தோடு சரி என்று பயந்திருந்தேன். அவர் நேராகக் கேட்டதும் ஒப்புக்கொண்டேன்.

"இன்னொரு நாள் படுங்க. டீச்சர் இல்லாம கிளாஸ் எங்க போகும்?" என்றார். எல்லோருமே தங்கிவிட்டார்கள். இன்று வலி சுத்தமாக இல்லை. நாளை கிளம்புகிறோம்.

அலமாரியில் இருக்கும் என் ஊதா ஸ்வெட்டரை வெயிலில் போடுங்கள். ராத்திரி மாத்திரையை மறக்காதீர்கள்.

கடிதம் கொண்டுபோகிறவர் வாசலில் நிற்கிறார். வழியில் அங்கங்கேதான் போனில் சிக்னல் கிடைக்கிறது. இனிமேல் நான் பேசும்போது முதலில் தலைவலி இருக்கிறதா என்று கேளுங்கள். நான் இல்லை என்று சொன்னால், என் பெயரைச் சொல்லி இன்னொரு தரம் கேளுங்கள்.

உங்கள்,
டீச்சரம்மா