கைதட்டினால் கதை நிற்கும்

மகனே,

அப்பாதான் எழுதுகிறேன். செகந்திராபாத் சபையில் வாலிபர் கூட்டத்தை இப்போது நான் நடத்துகிறேன், நீ சிரிப்பாய். நேற்று, வீட்டைவிட்டுப் போன மகன் திரும்பிவரும் கெட்ட குமாரன் கதையை நடிக்கவைத்தேன். யாராவது கைதட்டினால் நாடகம் நிற்கும்; தட்டியவர் கதையை மாற்றலாம்.

தகப்பன் வாசலில் காத்திருக்கும் இடத்தில் பிளெசி என்ற பெண் தட்டி, ஊர் உருதுவில் 'ஏன்' என்று ஆரம்பித்தாள்.

"கைக்கு அங்கிள்? அவரு ஏன் வாசல்லயே நிக்கணும்? போய்த் தேடலாம்ல?"

"பையன் எங்க இருக்கான்னு அவருக்குத் தெரியாதும்மா."

"யாரையாவது கேட்டாரா?"

வேதத்தில் அப்படி இல்லை என்று சொல்லி, ஜெபம் செய்து எல்லாரையும் அனுப்பிவிட்டேன்.

வீட்டுக்கு வந்ததும் உன் அம்மாவிடம் கேட்டேன். இதே ஊரில், கச்சிபௌலியில் என்று யோசிக்காமல் சொன்னாள். அடுக்குமாடியின் பெயர், உன் புது நம்பர், எல்லாம் அவளிடம் இருந்தது.

எத்தனையாவது மாடி?

அப்பா