சிடியின் மேல் உங்கள் கையெழுத்து

அன்புள்ள மைனி,

சிரிக்காமல் கேளுங்கள். நான் ஒரு பிரிண்டர் வாங்கியிருக்கிறேன். சிடியின் மேலேயே நேராக அச்சடிக்கிற பிரிண்டர். செம்பூர் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் பாதி இடம் இப்போது அதற்குத்தான்.

இந்தக் காலத்தில் சிடியா என்று ஆபீஸில் கேட்டார்கள். உங்கள் ஜெபக்கூட்டத்துப் பெண்கள் கேட்கவில்லை. அவர்கள் வீட்டு டிவிக்குக் கீழே பழைய பிளேயர் துணி போர்த்தி இன்னும் இருக்கிறது. நீங்கள்தானே சொன்னீர்கள், "ஃபோன்ல வந்தா அது எவரோ அனுப்புன பாட்டு பிள்ள, கையில கெடந்தாத்தான் நம்ம பாட்டு" என்று.

உங்கள் முதல் வருட நினைவு ஜெபத்துக்கு வருகிறவர்களுக்கு எவர்சில்வர் டப்பா கொடுக்கலாம் என்றார் அண்ணன். நான் பதிவு செய்து வைத்த மைனியின் பாட்டைச் சிடியில் கொடுப்போம், மேலே மைனி பெயரோடு கொடுப்போம் என்றேன் நான்.

கல்யாணுக்கு நான் போய்வந்தது உங்களுக்கு நினைவிருக்கும். ரோசி அக்கா வீட்டு ஜெபத்துக்கு நான் போயிருந்தபோது எல்லோரும் சேர்ந்து உங்கள் குழாயடிப் பாட்டைப் பாடினார்கள். யார் எழுதியது என்று கேட்டேன். "அது பழைய பாட்டும்மா. யாரு எழுதுனான்னு யாருக்குத் தெரியும்?" என்றார் ரோசி அக்கா. அந்தப் பாட்டில் வருகிற குழாய் தாராவியில் உங்கள் சந்து முனையில் சொட்டிக்கொண்டிருக்கிறது, மைனி! எங்கள் மைனி, என் அண்ணன் மனைவி எழுதியது என்று அங்கேயே சொல்லியிருக்கலாம். ஏன் சொல்லவில்லை? விருந்தாளியாகப் போன இடம் என்று நினைத்தேனோ?

உங்களிடம் வந்துதான் கோபப்பட்டேன். பட்டறையில் பைகளுக்கு ஜிப் வைத்துத் தைத்துக்கொண்டிருந்த நீங்கள் நிமிரவில்லை. "பாடுதாவல்லா, அது போதும்" என்றீர்கள். ஆனால் உங்கள் மிஷின் கொஞ்ச நேரம் ஓடவில்லை. அதை நான் பார்த்தேன்.

பெயரை ஸ்டிக்கரில் அடித்து ஒட்டலாம் என்றான் கடைக்காரன். அந்தப் பாடு நமக்குத் தெரியாதா? முன்பு ஒருமுறை நான் ஒட்டிய ஸ்டிக்கர் சூட்டில் ஓரம் கிளம்பி, சிடி உங்கள் பிளேயருக்குள்ளேயே மாட்டிக்கொண்டது. அண்ணன் திருகாணியைக் கழற்ற, நீங்கள் பக்கத்தில் நின்று, "எம்பாட்டுக்கு வெளிய வர வெக்கம்" என்றீர்கள்.

அதனால் பிரிண்டரையே தேடினேன். மை ஊற்றி ஊற்றி அடிக்கிற டேங்க் பிரிண்டரைத்தான் எல்லாக் கடையிலும் முதலில் காட்டினார்கள். நான் பார்த்தவற்றில் ஒன்றிலும் சிடி வைக்கிற தட்டு இல்லை. "மேடம், ஆஜ்கல் சிடி கோன் லேதா ஹை?" என்று ஒருவன் சிரித்தான். "ஹம் லோக் லேதே ஹை" என்றேன். இந்தக் காலத்தில் யார் வாங்குகிறார்கள் என்றால், நாங்கள்தான் வாங்குகிறோம். அப்படி நிமிர்ந்து பேச எனக்கு எப்போது வந்தது?

லேமிங்டன் ரோட்டில் நான்காவது கடையில் கிடைத்தது. தட்டு பெட்டிக்குள்ளேயே இருக்கிறதா, நடு ஓட்டையைச் சுற்றி எவ்வளவு இடம் விட வேண்டும் என்று நாமே அளவு வைக்க முடியுமா, மேலே ஸ்கேனர் உண்டா என்று ஒவ்வொன்றாகக் கேட்டேன். பையில் கொண்டுபோன சிடியைக் கொடுத்து, அடித்துக் காட்டினால்தான் வாங்குவேன் என்று உட்கார்ந்துவிட்டேன். சாதாரண வெள்ளி சிடியில் மை விரலோடு வந்துவிட்டது. அச்சுக்கென்றே மேல்பக்கம் வெள்ளையாக வருகிற சிடி வேண்டும் என்று அப்போதுதான் தெரிந்தது. மழைக்காலத்தில் அதுவும் முழுதாகக் காய ஒரு நாள் ஆகிறது.

அச்சு வேலை என் மகள் ஷெரினுடையது. உங்கள் மருமகள் கம்ப்யூட்டரில் கெட்டிக்காரி, தமிழில்தான் தடுமாற்றம். முதலில் அடித்ததில் ஞானப்பூ என்ற உங்கள் பெயர் 'க்யான்பு' என்று இருந்தது.

"யாருடி இது க்யான்பு?"

"மம்மி, அத்தை ஆதார்ல அப்படித்தானே இருக்கு? அதே ஸ்பெல்லிங்தான் போட்டேன், தமிழ் தானா வந்துச்சு."

அவளைத் திட்ட முடியவில்லை. ரேஷன் கார்டிலிருந்து ஆஸ்பத்திரிச் சீட்டு வரை பம்பாய் உங்களை அப்படித்தானே எழுதியது? உங்கள் பாட்டு நோட்டை அவளிடம் கொடுத்தேன். முதல் பக்கத்தில் அத்தையே தன் பெயரை எழுதியிருக்கிறார்கள், அதை ஸ்கேன் செய்து போடு என்று சொல்லிவிட்டு வேலைக்குப் போனேன்.

திரும்பி வந்தபோது எண்பது சிடிகள் மேசையிலும் கட்டிலிலும் ஜன்னல் திட்டிலும் காய்ந்துகொண்டிருந்தன. ஓட்டைக்கு மேலே அழகாக வளைத்து உங்கள் நீல எழுத்து. ஒன்றை எடுத்துப் படித்தேன். 'இது ஞானப்பூ நோட்டு. எடுத்தவர் திருப்பிக் கொடுக்கவும்.'

அந்தப் பிள்ளைக்குத் தமிழ் படிக்கத் தெரியவில்லை, மைனி. வரி முழுவதும் உங்கள் பெயர் என்று நினைத்துவிட்டாள். "இவ்ளோ லாங் நேமா அத்தைக்குன்னு நானும் யோசிச்சேன்" என்கிறாள். வேறு வெள்ளை சிடி இல்லை. மறுநாள் ஜெபம். நான் தலையில் கை வைத்து உட்கார்ந்தேன். அண்ணனுக்கு ஃபோன் செய்து படித்துக் காட்டினேன். இன்னொரு தடவை படிக்கச் சொன்னார். அப்புறம், "ஒண்ணும் மாத்தாதட்டி. அவளே வந்து சொல்லுத மாதிரி இருக்கு" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை தாராவி வீட்டில் உட்கார இடமில்லை. கல்யாணிலிருந்து ரோசி அக்காவும் வந்தார். சிடியைக் கையில் வாங்கி, கண்ணாடியை ஏற்றிவிட்டுச் சத்தமாகப் படித்தார். கூட்டம் சிரித்தது. "என்ன பிள்ள, குடுத்துட்டுத் திருப்பிக் கேக்க?" என்றார். இந்த முறை நான் வாயை மூடவில்லை. "குழாயடிப் பாட்டு எங்க மைனி கட்டுனதுக்கா. இந்தச் சந்துக் குழாய்தான் அது" என்றேன்.

ரோசி அக்கா வாசல் வழியாக அந்தக் குழாயைப் பார்த்தார். சிடியையும் பார்த்தார். "அப்போ நாங்க எடுத்தத திருப்பிக் குடுக்கணும்லா" என்றார். பிறகு எழுந்து நின்று, "ஞானப்பூ கட்டுன பாட்டு" என்று சொல்லிவிட்டுத்தான் முதல் அடியைப் பாட ஆரம்பித்தார். ஷெரின் என் தோளில் முகத்தை வைத்துக்கொண்டாள். அண்ணன் உங்கள் மிஷின் மேல் கை வைத்து நின்றார்.

உங்கள் நோட்டில் நான் பதிவு செய்யாத பாட்டுகள் இன்னும் இருக்கின்றன. ராகம் தெரிந்த பெண்களைத் தேடிப்பிடித்துப் பாடவைப்பேன். எங்கே யார் பாடினாலும், அது விருந்தாளியாகப் போன இடமாகவே இருந்தாலும், உங்கள் பெயரைச் சொல்லாமல் எழுந்து வரமாட்டேன், மைனி.

உங்கள் பேச்சைக் கேட்டு வளர்ந்த நாத்தனார்,
கிரேஸ்