ஆறரை மணி நேரம் என்று சொன்னேன்

ஆகஸ்ட் 12
டிக்கெட் வந்துவிட்டது. செப்டம்பர் 4, சென்னையிலிருந்து லண்டன். எங்கள் வீட்டில் முதலில் பட்டம் வாங்கி நர்ஸானவள் நான். முதலில் விமானம் ஏறப்போகிறவளும் நானே.

"எம்புட்டு நேரம்த்தா ஆகும்?" என்று அம்மா கேட்டாள்.

டிக்கெட்டைப் பார்த்தேன். காலை ஐந்தரைக்குக் கிளம்பி, பகல் பன்னிரண்டுக்கு இறங்குகிறது. "ஆறரை மணி நேரம்மா. பன்னெண்டுக்கு இறங்கினதும் போன் பண்றேன்."

"அம்புட்டுத்தானா! இருக்கன்குடி கோயிலுக்கு நடந்து போற நேரம்கூட இல்லையே!"

ஆகஸ்ட் 13
தப்பு. பன்னிரண்டு என்பது லண்டன் மணி. நமக்கு அப்போது மாலை நாலரை. எட்டாயிரத்து இருநூறு கிலோமீட்டர், பதினோரு மணி நேரம். லண்டன் வேலை வாங்கித் தந்த ஏஜென்சியில் கேட்கக் கூச்சப்பட்டு, போனில் தேடித் தெரிந்துகொண்டேன்.

அம்மாவிடம் சொல்லவில்லை. ஆறரையாகவே இருக்கட்டும். பயப்படுவாள்.

ஆகஸ்ட் 21
காலை பத்தேகாலுக்கு வெடிச் சத்தம். ஜன்னல் அதிர்ந்தது. அம்மாவின் போனுக்கு அடித்தேன் — எடுக்கமாட்டாள் என்று தெரிந்தே. அம்மா வேலை பார்க்கிற பட்டாசுக் கம்பெனிக்குள் போன் கூடாது. எல்லாருடைய போனும் கேட்டில், வாட்ச்மேன் சின்னச்சாமியின் கூடையில் கிடக்கும். சத்தம் கேட்டால் ஊரே அடிக்கும். கூடை மொத்தமாக அலறும். யார் எடுப்பது?

சைக்கிளை எடுத்தேன். நாலு கிலோமீட்டர், பதினெட்டு நிமிடம். நல்லவேளை — இல்லை, நல்லவேளை என்று எழுதக்கூடாது. வெடித்தது வேறு கம்பெனி.

அம்மா கேட்டுக்கு வெளியே நின்றாள், கையெல்லாம் அலுமினியப் பொடி. "எதுக்குத்தா செருப்புகூடப் போடாம வந்த?"

லண்டனிலிருந்து எந்தச் சைக்கிளை எடுப்பேன்?

ஆகஸ்ட் 30
கெஞ்சிப் பார்த்தேன். நான் பறக்கிற அன்று ஒருநாள் மட்டும் வேலைக்குப் போகாதே.

"தீபாவளி சீசன்ல லீவு கேட்டா போர்மேன் ஏசமாட்டாரா? மேல போற உனக்கே பயமில்ல, தரையில இருக்க எனக்கென்ன?"

எனக்குப் பயமில்லை என்று யார் சொன்னது?

செப்டம்பர் 3
பயமாக இருக்கிறது. வேறொன்றும் எழுத வரவில்லை.

செப்டம்பர் 4, விமானத்தில்
நம் மணி எட்டரை. அம்மா போனைக் கூடையில் போட்டிருப்பாள். முன்னால் திரையில் ஒரு குட்டி விமானம் ஊர்கிறது. இந்த நிமிடம் அங்கே சத்தம் கேட்டாலும் எனக்குத் தெரியாது. பக்கத்தில் இருப்பவர் தூங்குகிறார். எப்படி முடிகிறது?

நம் மணி ஒன்று. சாப்பாட்டு நேரம். வெடிமருந்து அறையை விட்டு வெளியே வந்திருப்பாள். இந்த அரைமணி நேரம் மட்டும் கொஞ்சம் மூச்சு விடுகிறேன்.

செப்டம்பர் 4, லண்டன்
இறங்கியதும் அம்மாவுக்கு அடித்தேன். ஊரில் நாலே முக்கால். ஐந்து மணிவரை வேலை. அடித்துக்கொண்டே இருக்கும் என்றுதான் நினைத்தேன்.

முதல் ரிங்கிலேயே எடுத்துவிட்டாள்.

வேலை நேரத்தில் அம்மா கையில் போன் இருக்கிறது என்றால் —

"என்னம்மா ஆச்சு? சொல்லும்மா!"

"நீ சொல்லு! பன்னெண்டுக்கு எறங்கிருவேன்னியே, இப்ப மணி என்ன? பன்னெண்டுக்குக் கேட்டுக்கு வந்தவதான். சின்னச்சாமி அண்ணன் டீ வாங்கித் தந்தாக, குடிக்கல. நல்லா இருக்கியாத்தா?"

பன்னிரண்டிலிருந்து நாலே முக்கால் வரை. அந்தக் கூடைக்குப் பக்கத்தில்.

"போர்மேன் ஏசலையாம்மா?" என்றேன்.

"ஏசத்தான் செஞ்சாரு. போன உள்ள கொண்டுபோகக் கூடாதுல்ல? அதான் நானும் உள்ள போகல."