ஒப்புக்கு ஒரு நாரை

காலை 6:10. வழக்கமான பதிவு

நத்தைகுத்தி நாரை, இயந்திரம், எண் பதினேழு. இடம்: சாத்தனேரிக் கண்மாய், நடுக் கருவேலமரம். வலச் சிறகின் மோட்டார் முனகுகிறது. இடது பரவாயில்லை. பேட்டரி மதியம் வரை தாங்கினால் அதிசயம்.

இதைக் கண்டெடுப்பவருக்கு: நான் பறவை இல்லை, ஒப்புக்குச் சப்பாணி. ஒரு நாரை உட்கார்ந்திருந்தால் மேலே பறப்பதும் இறங்கும் என்று வனத்துறையில் யாரோ நம்பினார்கள். ஒன்றும் இறங்கவில்லை. என்னோடு வைத்த பொம்மைகள் எல்லாம் ஒவ்வொன்றாகத் தண்ணீரில் விழுந்துவிட்டன. மிச்சம் நான் மட்டும். சலித்துவிட்டது.

காலை 7:05. கட்டுப்பாட்டு அறையிலிருந்து

“பதினேழு, பேட்டரி மாத்த ஆள் இல்லப்பா. இன்னைக்கு ஒருநாள் ஓட்டிரு.”

சொல்பவருக்கு என்ன? இன்று பறவை பார்க்கும் வருடாந்திர நடைப்பயணம். நகரத்து ஆட்களும் ஒடுவன்பட்டிக்காரர்களும் கரையோரமாக நடந்து பக்கத்து ஊர் வரை போவார்கள். கூடவே தாவீது என்ற ஆய்வு அலுவலர் வருகிறார். உயிருள்ள பறவை ஒன்றாவது அவர் கண்ணில் பட வேண்டும். படாவிட்டால் சரணாலயம் என்ற பெயர் போய்விடும். கண்மாயைத் தூர்த்து ஆலை கட்டக் காத்திருக்கிறார்கள். ஒடுவன்பட்டி வயல்களுக்கு வேறு தண்ணீர் கிடையாது.

காலை 8:20. ஒலிவாங்கியில்

கூட்டம் கரையேறிவிட்டது. முன்னால் வருபவள் பஞ்சவர்ணம், கண்மாய்ப் பாசனத்தில் நெல் போடுகிறவள். அவள் குரல்: “மெதுவாப் பேசுங்க. நாரைக்கு வெடியும் ஆகாது, மேளமும் ஆகாது. எம்மக கல்யாணத்தையே மேளமில்லாமத்தான் முடிச்சோம். சம்பந்தகாரக மூஞ்சியத் தூக்கி வச்சுக்கிட்டாக.”

எல்லோரும் சிரிக்கிறார்கள். நாங்கள் பொம்மைகள் என்று இவர்களிடம் யாரும் சொல்லவில்லை. எனக்கு வெட்கமாக இருக்கிறது. இயந்திரத்துக்கு என்ன வெட்கம் என்று கேட்பவர் இந்தக் கிளையில் ஒருநாள் உட்கார்ந்து பார்க்கட்டும்.

காலை 9:02. கோளாறு

எதிரே நிற்கிறார்கள். தாவீது: “ரொம்ப நேரமா அசையவே இல்லையேம்மா.”

சிறகை விரித்தேன். இடது விரிந்தது. வலது விரியவில்லை. சாய்ந்தேன். தண்ணீருக்குள் விழுந்தேன். கழுத்துத் துணி கிழிந்து கம்பி வெளியே வந்துவிட்டது.

காலை 9:06. பேட்டரி குறைவு

பஞ்சவர்ணம் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு இறங்கி வந்தாள். மற்றவர்களைக் கரையிலேயே நிற்கச் சொன்னாள். என்னைத் தூக்கினாள். கம்பியைப் பார்த்தாள். பிறகு எனக்கு மட்டும் கேட்கும்படி:

“சண்டாளா. ஒனக்காகவா இத்தன வருசம் ஊரே வாயப் பொத்திக் கெடந்துச்சு?”

எனக்குப் பேச்சு வைக்கவில்லை. அலகைத் தட்டத் தெரியும். தட்டவில்லை.

கரையிலிருந்து தாவீது: “என்னம்மா, செத்துருச்சா?”

காலை 9:08

கரைக்கு முதுகு காட்டித் திரும்பினாள். கம்பியை உள்ளே தள்ளி, கிழிசலின் மேல் சேற்றை அப்பினாள். கைக்கெட்டும் கிளையிலிருந்த பழைய கூட்டில் என்னை உட்கார வைத்து, சாயாமல் இருக்க இரண்டு குச்சிகளைச் செருகினாள்.

“இல்ல சார், உசிரோடதான் இருக்கு. கால் வழுக்கி விழுந்துருச்சு. கூட்டுல முட்டை கெடக்கு. கிட்ட வராதீக, விட்டுட்டுப் போயிரும்.”

தாவீது தாழ்ந்த குரலில்: “சரிம்மா. ஒன்னு பாத்தாச்சு. இந்த வருசத்துக்கு இது போதும்.”

காலை 9:15. பேட்டரி தீர்கிறது, பார்வை மங்கல்

மற்றவர்கள் பக்கத்து ஊருக்கு நடக்கிறார்கள், குசுகுசுவென்று பேசிக்கொண்டு. அவள் மட்டும் தண்ணீரிலேயே நிற்கிறாள். அழுகிறாள். எனக்காக இல்லை, அது தெரியும். கண்மாய் தப்பித்தது. எனக்கு ஓய்வு. நிம்மதி என்று எழுதலாம் என்றிருந்தேன். ஆனால் அடுத்த வருடமும் அவர் வருவார். அப்போது இவள் எதைத் தூக்கிக் கூட்டில்