வெடியால கிளம்புற வண்டி

வால்பாறை
4.11.1996

அண்ணாவுக்கு மயிலாத்தாள் எழுதுவது. இங்க எல்லோரும் இருக்கிறோம். ஆறு வருஷமா ஒரு வரி எழுதாதவளுக்கு இப்ப என்ன வந்துச்சுன்னு கேப்பீங்க. தேவை வந்துச்சுங்க. மறைக்கறதுக்கில்லை.

லோகப்பிரியாவுக்கு எட்டு வயசு. பனி எறங்குனா மூச்சு எளைக்குது. எஸ்டேட் ஆஸ்பத்திரியில முடியலைன்னா பொள்ளாச்சிக்குத்தான் போகோணும். போன மாசம் மொத பஸ் வர்ற வரைக்கும் அவளை மடியில வெச்சுக்கிட்டு ஸ்டாப்புல உக்காந்திருந்தேன். கார் வாங்கலாம்னு ஊட்டுக்காரர் சொல்றார். எங்களுக்கு வண்டியப் பத்தி ஒண்ணும் தெரியாது. பட்டறை வெச்சிருக்கற உங்களை உட்டா யார்கிட்ட கேக்கறது? எந்த வண்டின்னு மட்டும் எழுதுங்க. வேற எதுவும் எழுத வேண்டாம்.

இப்படிக்கு
மயிலாத்தாள்

துடியலூர்
9.11.1996

மயிலாத்தாளுக்கு,

வேற எதுவும் எழுத வேண்டாம்னு நீ சொன்னா ஆச்சா? லோகா காதுகுத்துக்குப் புது வேட்டி கட்டி, சீர்த்தட்டோட வந்து மணையில உக்காந்தேன். தாய்மாமன் நானு. நகக்கண்ணுல ஆயில் கறை இருக்குதுன்னு என்னை எழுப்பிப்போட்டு, நம்ம பெரியப்பன் மகன் லட்சுமணசாமி மடியில புள்ளைய வெச்சுக் குத்துனாங்க. எல்லாம் உன் ஊட்டுக்காரன் ஏற்பாடு. நீ பந்தக்கால் பக்கத்துல நின்னு பாத்துட்டுத்தான் இருந்த. ஒரு வாய் சோறு திங்காம வந்தேன்.

புள்ளைக்காகச் சொல்றேன். சின்ன பெட்ரோல் வண்டி போதும். பழைய மாருதி பாருங்க. பார்ட்ஸ் பொள்ளாச்சியிலயே கெடைக்கும், எந்த மெக்கானிக்கும் கை வெப்பான். ஏசி வேண்டாம், பெரிய டீசல் வண்டி வேண்டவே வேண்டாம். பாக்கப் போறப்ப சொல்லாம வெடியால, விக்கறவன் எந்திரிக்கறதுக்குள்ள போங்க. பானட்டைத் தொட்டா சில்லுன்னு இருக்கோணும். சூடா இருந்தா திரும்பி வந்துருங்க. அந்த ஆள் மண்டையில இதெல்லாம் ஏறாது. நீ படிச்சுக் காட்டு.

பாலுசாமி
(அண்ணன்னு போட மனசு வரலை.)

வால்பாறை
20.12.1996

அண்ணாவுக்கு,

படிச்சுக் காட்டுனேன். ஆனா பல்லடத்துல ஒரு புரோக்கர் காட்டின பெரிய டீசல் வண்டி அவருக்குப் புடிச்சுப்போச்சு. நல்ல நேரம் பத்தேகாலுக்கு, அப்ப வர்றோம்னு மொதல் நாளே புரோக்கருக்குப் போன்ல சொல்லிப்போட்டுத்தான் போனோம். பானட்டைத் தொட்டேன். சூடா இருந்துச்சு. "ஏனுங்க சூடா இருக்குது"ன்னு கேட்டேன். "நீங்க வர்றீங்கன்னு மாரியம்மன் கோயிலுக்கு ஓட்டிப் பூசை போட்டுக் கொண்டாந்தேனுங்க"ன்னார். இவர் மனசு குளுந்து போச்சு. நேரம் தாண்டக் கூடாதுன்னு அங்கயே அட்வான்ஸ் குடுத்துட்டார். பையில இருந்த பணத்தை எடுத்து நீட்டுனது நான்தான்.

நேத்து வெடியால லோகாவுக்கு மூச்சுத் திணறல். வண்டி முக்குது, மொனகுது, கிளம்பலை. முக்கால் மணி நேரம். கடைசியில தேயிலை லாரியில மலைரோட்டு நாப்பது வளைவும் எறங்குனோம். புள்ள உதடு நீலமாப் போயிருச்சு. பொழைச்சுட்டா.

கூட ஒரு ஆளை அனுப்பியிருந்தா இது நடந்திருக்குமா? பட்டறையில நாலு பேர் வெச்சிருக்கீங்க. ரோசத்தைக் கட்டிக்கிட்டு உக்காந்துட்டீங்க. உங்க கடுதாசிய வெச்சு நான் என்ன செய்ய?

மயிலாத்தாள்

துடியலூர்
28.12.1996

மயிலாத்தாளுக்கு,

சொன்னதைக் கேக்க மாட்டீங்க, நட்டாத்துல நின்னா நான் காரணம். எத்தனை மணிக்கு வாரோம்னு முன்னாடியே சொன்னா, அவன் எஞ்சினைச் சூடு பண்ணி வெக்காம என்ன பண்ணுவான்? சூடா இருந்தா எந்த ஓட்டை எஞ்சினும் கிளம்பும், சில்லுன்னு இருக்கறப்பத்தான் கோளாறு தெரியும். கோயிலுக்கு ஓட்டுனானாம். இப்படி நல்ல நேரத்துல வாங்குன வண்டி மாசம் ரெண்டு எங்கிட்ட இழுத்துட்டு வர்றாங்க.

என் சொந்த மாருதிய நிஜாம் கொண்டு வருவான். பட்டறையில எனக்கு அடுத்த ஆள் அவன். எஞ்சின் நானே பிரிச்சுக் கட்டுனது. அங்கயே தங்கி உனக்கு ஓட்டச் சொல்லித் தருவான். நீதான் ஓட்டோணும். உன் ஊட்டுக்காரன் ஸ்டியரிங்கைத் தொட்டான்னு தெரிஞ்சா அன்னிக்கே எடுத்துட்டு வந்துருவேன். இது உனக்கில்லை, புள்ளைக்கு. நன்றி கின்றின்னு எழுதி எரிச்சலைக் கெளப்பாத.

பாலுசாமி

வால்பாறை
16.3.1997

அண்ணாவுக்கு,

லைசென்ஸ் வந்துருச்சுங்க. இன்னிக்கு வெடியால நாலரைக்கு லோகாவுக்கு எளைப்பு வந்துச்சு. பானட்டு சில்லுன்னு இருந்துச்சு. ஒரே சாவியில கிளம்பிருச்சு. மலையெறங்கி ஆழியாறு வர்றதுக்குள்ள பொழுது விடிஞ்சுது. ஊசி போட்டதும் இட்லி கேட்டு வாங்கித் தின்னா.

நன்றி எழுதலை. எழுத வேண்டியது வேற இருக்குது.

காதுகுத்துல நடந்தது அவர் ஏற்பாடு இல்லீங்க. புகுந்த ஊட்டு ஒறம்பரைச் சனம் முன்னாடி உங்க கையைப் பாத்து எனக்கு வெக்கமாப் போச்சு. உங்களை எழுப்பச் சொன்னது நான். நீங்க அவரைத் திட்டுனதெல்லாம் அவருக்குத் தெரியும். என்னைக் காட்டிக் குடுக்காம வாங்கிக்கிட்டார். உங்க வண்டியில உக்காந்துக்கிட்டு இதை மறைக்க என்னால முடியலை.

வண்டி திரும்ப வேணும்னா ஒரு வரி எழுதுங்க. பட்டறை வாசல்ல உட்டுட்டு பஸ்ல வந்துக்கறேன்.

மயிலாத்தாள்

துடியலூர்
2.4.1997

மயிலாத்தாளுக்கு,

கடுதாசி கெடைச்சுது. ரெண்டு வாரமா வேலை ஓடலை.

வண்டி அங்கயே இருக்கட்டும். மாப்பிள்ளை ஓட்டறதுன்னா ஓட்டட்டும்.

ஆயில் மாத்தற நேரம் ஆச்சு. ஞாயித்துக்கிழமை கொண்டு வாங்க. புள்ளைய மடியில வெச்சு ஸ்டியரிங் புடிக்கச் சொல்லித் தரோணும். அதுக்காகக் கையைக் கழுவ மாட்டேன். மாப்பிள்ளையும் புள்ளையும் உள்ள வரட்டும்.

நீ ரோட்டுலயே நில்லு.

பாலுசாமி